சூடாமணி டீச்சரின் சுண்ணாம்பு நீர்

வித்துராப் பள்ளியில் கெமிஸ்ட்ரி என்றால் சூடாமணி டீச்சர்தான். நகரத்தில் கோட்டைக்குள் இருக்கும் அக்ரஹாரத் தெருவிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவள். சயன்ஸ் நாளன்று பெற்றோர் முன்னால் சுண்ணாம்பு நீரில் ஊதி, அது பால்போல் வெளுப்பதைக் காட்டி, மூச்சில் கார்பன் டை ஆக்சைடு உண்டு என்று நிரூபிப்பது வருஷா வருஷம் அவள் வேலை. அந்தக் கைதட்டலுக்காகப் புதுப் புடவைகூட எடுப்பாள்.

இந்த வருஷம் ஹெச்.எம். நீலகண்டன், "ஷெமி செய்யட்டும் டீச்சரே. பிள்ளேளுக்கு அவளை வல்லிய இஷ்டமாக்கும்" என்று சொல்லிவிட்டார்.

ஷெமி போனக்காடு எஸ்டேட்காரி. டீச்சர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் பிள்ளைகள் ஈயாய் மொய்த்தார்கள். சூடாமணிக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? இவள் வகுப்பில் கொட்டாவி விட்ட வாய்கள்தானே அங்கே போய்ச் சிரிக்கின்றன.

"சுண்ணாம்பு நீரை நான் கலக்கி வெக்கறேன், நீ அலையாதே" என்றாள் தேனொழுக. வெள்ளிக்கிழமையே கலக்கி, தெளிந்ததை அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, மூடாமல் விட்டுப் போனாள். திறந்து கிடந்தால், சயன்ஸ் நாளான திங்களன்று அதில் சத்து இருக்காது. ஷெமி ஊதி ஊதி ஓய்ந்ததும் தான் எழுந்துபோய்ப் பள்ளி மானத்தைக் காப்பாற்றலாம். அதற்கென்று மூடி இறுக்கிய ஒரு குப்பி நல்ல சுண்ணாம்பு நீர் கைப்பையில் தயாராக இருந்தது.

திங்களன்று ஷெமி கொஞ்சம் நீரைச் சோதனைக் குழாயில் எடுத்து ஊதினாள். வெளுக்கவே இல்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சூடாமணியின் கை பைக்குள் போயிற்று.

ஷெமி பாத்திரத்தை உற்றுப் பார்த்தாள். மேலே பாலாடைபோல் படிந்திருந்த வெள்ளைப் படலத்தைக் கண்ணாடிக் குச்சியால் தூக்கிக் காட்டினாள்.

"இதப் பாத்தியளா? நான் ஊதுறதுக்கு முன்னாடியே இந்த ரூம் காத்து வேலையக் காட்டிருக்கு. மூச்சில மட்டுமில்ல, சும்மா காத்திலயும் அந்த வாயு உண்டு. அதக் காட்டத்தான் சூடாமணி டீச்சர் திறந்து வச்சிருக்காங்க. எனக்கு இது தோணிருக்காது."

கூட்டம் முழுக்கத் திரும்பி சூடாமணிக்குக் கைதட்டியது. எழுந்து கும்பிட வேண்டியதாயிற்று. ஷெமியின் முகத்தில் நையாண்டி இருக்கிறதா என்று தேடினாள். நன்றிதான் இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"ஊதிக் காட்டப் புதுசா கொஞ்சம் கிட்டுமா டீச்சரே?" என்று ஷெமி கேட்டாள்.

"இல்லையேடி" என்றாள் சூடாமணி. எடுத்துக் கொடுத்தால், அது ஏன் பையில் இருந்தது என்று யாராவது கேட்பார்கள்.

அந்த வருஷமும் பெரிய கைதட்டல் அவளுக்குத்தான். திரும்பும் பஸ்ஸில், உள்ளே குப்பி சத்தம் போட்டுவிடக் கூடாதென்று, வீடு வரும்வரை பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள்.