அறுபத்து நான்கு த்ரெட்டும் ஒரு லாக் ஃபைலும்

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் ஹைதராபாத் மாதாப்பூர் ஆபீஸின் மூன்றாவது மாடியில் இருந்தவர்கள் மூன்று பேர். டீம் லீடான மேடம், திருநெல்வேலியிலிருந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த நண்பன், நான். இல்லாதவர் மேனேஜர். மகளுக்கு மொட்டையடிக்கத் திருப்பதி போயிருந்தார். போகும்போது ஒரு எண்ணை வைத்துவிட்டுப் போனார்: ஐந்நூறு.

ஒரு கூரியர் கம்பெனிக்காக, பார்சல் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் சர்வரை எழுதியிருந்தோம். அது நொடிக்கு ஐந்நூறு கேள்விகளைச் சமாளிக்க வேண்டும். சனிக்கிழமைக்குள் முடியாவிட்டால் நான்கு பிராசஸர் வைத்த பெரிய மெஷின் ஒன்றை வாங்கிவிடுவது என்று முடிவாகியிருந்தது. எங்கள் சர்வரோ நூற்றுப் பத்தில் நின்றது.

வரும் கேள்விகளை எடுத்து வேலை பார்க்க உள்ளே எட்டு த்ரெட்டுகள் இருந்தன. கவுண்டரில் எட்டு குமாஸ்தாக்கள் உட்கார்ந்திருப்பது மாதிரி. ஆள் போதவில்லை என்று பதினாறு ஆக்கினோம். நூற்றுப் பன்னிரண்டு. அறுபத்து நான்கு ஆக்கினோம். தொண்ணூற்றைந்துக்கு இறங்கிவிட்டது.

நண்பன் திரையை உற்றுப் பார்த்தான். "ஆளு கூடக்கூட வேல கொறையுதுல்லா. எங்கூரு பஞ்சாயத்து ஆபீஸும் இப்படித்தாம்ல."

மேடம் சிரித்தார். செகந்திராபாத் மாரெட்பள்ளியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர் அவர். சிரித்தாலும் பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டே இருந்தார்.

நாலு மணிக்கு இருவரும் டீ குடிக்கப் போனார்கள். ஒவ்வொரு த்ரெட்டும் அந்த நொடியில் என்ன செய்கிறது என்று ஒரு பட்டியல் எடுத்துப் பார்த்தேன். ஒன்று எழுதிக்கொண்டிருந்தது. மற்ற அறுபத்து மூன்றும் அது முடிப்பதற்காக வரிசையில் காத்து நின்றன. இடம், லாக் ஃபைல். ஒவ்வொரு கேள்வி வரும்போதும் நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் ஃபைல். அதை எழுதியவன் நான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். கைநாட்டு வைப்பவர்கள் இருந்த வீட்டில் எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போட மாட்டோம்; எழுத்தில் இல்லாததை ஆபீசில் யாரும் நம்ப மாட்டார்கள் என்று அப்பா சொல்வார். நானும் அதே பழக்கத்தில் கேள்வி ஒன்றுக்கு ஏழு வரி எழுத வைத்திருந்தேன். வரிகள் கலந்துவிடக் கூடாது என்று, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் எழுதலாம் என ஒரு பூட்டும் போட்டு, எழுதியது டிஸ்க்கில் பதிந்த பிறகே பூட்டைத் திறக்க விட்டிருந்தேன். அறுபத்து நான்கு குமாஸ்தாக்களுக்கு ஒரே ஒரு நோட்டு.

டீ குடித்துவிட்டு இருவரும் வந்தார்கள். நான் சொல்லவில்லை. திங்கட்கிழமை என் ப்ரொபேஷன் முடிகிறது. வேலை நிரந்தரமாகிவிட்டது என்று வீட்டுக்கு ஏற்கனவே சொல்லியாயிற்று. தப்பு என்னுடையது என்று போய் நிற்பதைவிட, சரிசெய்து முடித்துவிட்டு நல்ல செய்தியாகக் கொண்டு போகலாம் என்று தோன்றியது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்தேன். லாக் எழுதுவதற்கென்று தனியாக ஒரு த்ரெட் வைத்தேன். மற்றவை தங்கள் வரியை அதனிடம் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். ஒன்பதரைக்கு மேடம் வந்து, ஏதாவது தேறுமா என்று கேட்டார். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன், தலையைத் தூக்காமல்.

பத்தே முக்காலுக்கு ஐந்நூற்று நாற்பது வந்தது. இன்னும் இரண்டு தடவை ஓட்டினேன், குறையவில்லை. மேடத்தின் அறைக்கு ஓடினேன். கதையை முழுதாகச் சொன்னேன், பூட்டையும் சேர்த்து.

"உனக்கு எப்போ தெரியும்?"

"நேத்து நாலு மணிக்கு மேடம்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மெஷின் விற்பவருக்கு சனிக்கிழமை அரைநாள்தான். கீழே ரிசப்ஷனில் பத்து மணிக்கே அட்வான்ஸ் செக்கை வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்றார். பிறகு போனை எடுத்து அவரிடம் தெலுங்கும் ஹைதராபாத் தக்கனி உருதுவுமாகப் பேசினார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மெஷின் நக்கோ, வேணாம்னேன். ஹவ் மேடம், சரிங்கறார். அட்வான்ஸ்னு வாயத் தொறந்தா, அது திரும்ப வராதாம். நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் திட்டியிருப்பேன். அவ்வளவுதான்."

திங்கட்கிழமை மேனேஜர் லட்டும் மொட்டைத் தலையுமாக வந்தார். மகளோடு சேர்ந்து தானும் அடித்துக்கொண்டாராம். மேடம் ஐந்நூற்று நாற்பதையும் சொன்னார், செக்கையும் சொன்னார், இரண்டிலும் என் பங்கை மறைக்கவில்லை. நான் திருப்பதியில் முடியைக் கொடுத்தேன், நீங்கள் இங்கே பணத்தைக் கொடுத்தீர்கள் என்று மேனேஜர் சொன்னபோது நண்பன் மட்டும் சிரித்தான். என் ப்ரொபேஷனை மூன்று மாதம் நீட்டினார்கள். வீட்டுக்கு போன் செய்து, நிரந்தரம் என்று சொன்னது பொய் என்றேன். அப்பா, கம்பெனிக்கு எவ்வளவு நஷ்டம் என்று மட்டும் கேட்டார்.

முப்பத்தெட்டாயிரம் ரூபாய் என்றேன்.