மருந்துச் சீட்டில் என் பெயர்

ரயில்வே அருங்காட்சியகம் ஒன்றில், கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய மருந்து பாட்டில் ஒன்றைப் பார்த்தேன். அதன் பக்கவாட்டில் பல்பல்லாக வெட்டிய காகிதப் பட்டை ஒட்டியிருந்தது. ஒரு பல்லுக்கு ஒரு வேளை மருந்து. அருகில், ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் ரயில்வே டாக்டருக்கு எழுதிய சீட்டு: நோயாளியின் பெயர், வயது, உபாதை, கையெழுத்து, முத்திரை. பார்க்கிற யாருக்கும் அதில் சந்தேகம் வராது. எனக்கு வந்தது. அப்படி ஒரு சீட்டில் நானும் நோயாளியாக இருந்திருக்கிறேன்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து கோடியக்கரைக்குப் போகும் கிளைப்பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷனில் அப்பா மாஸ்டர். சுற்றிலும் வயல். வீட்டில் யாருக்காவது உடம்புக்கு வந்தால், கழுவிய பாட்டிலையும் சீட்டையும் ரயில் கார்டிடம் கொடுத்தனுப்ப வேண்டும். ஜங்ஷனிலிருக்கும் ரயில்வே டாக்டர் மருந்தை நிரப்பி மறுநாள் வண்டியில் அனுப்புவார்.

எனக்கு அப்போது எட்டு வயது. புது ஆட்சி வந்து, டீக்கடைக்கு டீக்கடை கறுப்பு சிவப்புக் கொடி பறந்த காலம். வயலில் பறந்தது முழுச் சிவப்பு. அறுப்பு ஆட்கள் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். வரப்பில் அடிதடி ஆகிவிட்டது. எங்கள் ஸ்டேஷனுக்கும் ஒரு கான்ஸ்டபிளைப் போட்டார்கள். வெட்டுக்காயத்தோடு யாராவது வண்டி ஏறுகிறார்களா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. அம்மா கொடுக்கும் காபியைக் குடித்துக்கொண்டு பார்ப்பார்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால், தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனின் குடியிருப்பு. அவருடைய மச்சான் முழங்காலுக்குக் கீழே அரிவாள் வெட்டோடு அதற்குள்தான் கிடந்தார். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனால் வாசலிலேயே போலீஸ். பிடிபட்டால் அவருக்கு ஜெயில், அப்பாவுக்கு வேலை போகும். பிடிபடாமலே கிடந்தால் கால் போகும். இதெல்லாம் பல வருஷம் கழித்து அம்மா சொன்னது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, காலையில் அப்பா என்னைக் கூப்பிட்டுச் சொன்னது மட்டும்தான்.

“உனக்குக் கால்ல காயம். காய்ச்சல் வேற. வெளியே போகாதே.”

காலைப் பார்த்தேன். “எங்கேப்பா?”

“சீட்டுல எழுதியாச்சு.”

எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை. சீட்டு எழுதினால்தான் ரயிலே நகரும்.

மறுநாள் பாட்டில் வந்தது. அம்மா அதை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். “என் மருந்தை யாருக்கும்மா கொடுக்கறே?” என்று கத்தினேன். “கசக்கும்டி. பேசாம படு” என்றாள். டாக்டர் பட்டையில் பல் வெட்டியது எட்டு வயதுக்கு. குடித்தவருக்கோ முப்பது. நாலு நாள் மருந்து இரண்டே நாளில் தீர்ந்தது. அப்பா இன்னொரு சீட்டு எழுதினார். அதுவும் இரண்டு நாள். மூன்றாவது சீட்டுக்குப் பாட்டில் வரவில்லை. குழந்தைக்கு என்னமோ ஏதோ என்று பயந்து, டாக்டரே பகல் வண்டியில் வந்து இறங்கிவிட்டார்.

கான்ஸ்டபிள் மரியாதையாக அவர் பெட்டியைத் தூக்கிவந்து எங்கள் அறை வாசலில் நின்றுகொண்டார்.

“எந்தக் கால் பாப்பா?”

அது எனக்கே தெரியாது. அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று வலது காலை நீட்டினேன். டாக்டர் அதைத் தடவிப் பார்த்தார். பிறகு இடது காலை. கொசுக்கடி இருந்தது. அவர் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

கான்ஸ்டபிள் எட்டிப் பார்த்தார். “வெட்டு ரொம்ப ஆழமாங்கய்யா?”

டாக்டர் பெட்டியிலிருந்து துணிச் சுருளை எடுத்தார். “ஆழந்தான்” என்றார் பிறகு. “பொம்பளப் புள்ள. நீங்க கொஞ்சம் வெளியே நில்லுங்க.”

வெந்நீர் கேட்டார். என் வலது காலில் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை வெள்ளைத் துணியால் கட்டுப் போட்டார். ஊசி போட வேண்டும் என்றார். நான் ஊரைக் கூட்டி அழுதேன். “பாவம், புள்ளைக்கு ஊசி போடறாங்க” என்று கான்ஸ்டபிள் வெளியே யாரிடமோ சொல்வது கேட்டது. ஆனால் ஊசி எனக்கு விழவில்லை. கை கழுவ வேண்டும் என்று பெட்டியோடு அப்பாவைக் கூட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார் டாக்டர். கை கழுவ அரைமணி நேரம் ஆனது.

திரும்பி வந்து, “பத்து நாளைக்கு இந்தக் காலை ஊனக்கூடாது” என்றார். என்னிடம்தான் சொன்னார். ஆகவே பத்து நாளும் நொண்டினேன். பிளாட்பாரத்தில் கான்ஸ்டபிள் என் கையைப் பிடித்து நடத்திப் போவார். கடலை மிட்டாய் வாங்கித் தருவார்.

பத்தாம் நாள் காலை உப்பு ஏற்றிய கூட்ஸ் வண்டியில் பாயிண்ட்ஸ்மேனின் மச்சான் கிளம்பிப் போனாராம். சொந்தக் காலில் நடந்து ஏறினாராம். அன்று மத்தியானம் அம்மா என் கட்டை அவிழ்த்தாள். காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தழும்புகூட இல்லை. நேரே கான்ஸ்டபிளிடம் ஓடிப்போய்க் காட்டினேன்.

அவர் என் காலை வெகுநேரம் பார்த்தார். பிறகு பாயிண்ட்ஸ்மேன் குடியிருப்புப் பக்கம் பார்த்தார். குனிந்து என் பாவாடையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டு, “அதுக்குள்ள ஏன் அவுத்தே? அம்மாகிட்ட சொல்லி இன்னும் நாலு நாளைக்குக் கட்டிக்க. யாருகிட்டயும் காட்டாதே” என்றார்.

“டாக்டரு பத்து நாள்னுதான் சொன்னாரு” என்றேன் கோபமாக. போலீஸ்காரருக்கு வைத்தியத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.