எண் இல்லாத ஆமை

அவளை ஆமைப் பண்ணையில் எல்லோரும் நம்பர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதிக்கொண்டிருந்தவள். பண்ணை ஜீப்புக்கு எழுத வந்த இடத்தில் டிரைவரின் மனசில் இடம்பிடித்து, அவருக்கு மனைவியாகி, அப்படியே ஆமை ஓடுகளுக்கும் எண் எழுத உட்கார்ந்துவிட்டாள்.

குன்றில் நில ஆமைகள் அற்றுப்போக இருந்த காலம் அது. மிஞ்சிய சிலவற்றையும் பண்ணைக்குக் கொண்டுவந்து குஞ்சு பொரிக்கவைத்து, உள்ளங்கை அகலம் வளர்ந்ததும் எண் எழுதிக் குன்றில் விடுவார்கள். பெயின்ட் காயும்வரை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஆமையிடம் பேசுவாள். "ஸ்பீடா போகாத, என்ன? நல்ல இடமா பாத்துக் குடும்பம் நடத்து."

பல வருஷம் இப்படி எழுதியவள், ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதன்பின் வந்த மழை ஓய்ந்ததும் ஆமைக் கணக்கெடுக்கப் போனார்கள். வேலி வேலை பார்க்கும் அவள் தம்பி புதரடியிலிருந்து ஓர் ஆமையைத் தூக்கினான். நன்றாக வளர்ந்த ஆமை. ஓட்டில் எண் இல்லை.

"மாமா, அக்கா பெயின்ட் மழையில போயிடுச்சு போல."

"வாயைக் கழுவுடா! உங்க அக்கா எழுதினது லாரிச் சேத்துலயே நின்னுச்சு."

வீறாப்பாகச் சொல்லிவிட்டு, டிரைவர் ஆமையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் கையெழுத்து உயிரோடு நடமாடுவது இந்தக் குன்றில்தான். அதுவும் அழியத் தொடங்கிவிட்டதா? எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தார். ஒரு பொட்டு வெள்ளைகூட இல்லை.

கால்நடை டாக்டரம்மா அதை வாங்கினார். எண் மறைந்தாலும் தெரியட்டும் என்று, பண்ணை ஆமைகளின் ஓட்டோரத்தில் அரத்தால் ஒரு வெட்டும் போட்டுவிடுவது வழக்கம். டாக்டரம்மா விரலால் சுற்றிலும் தடவினார். இன்னொரு முறை தடவினார். எங்குமே வெட்டு இல்லை.

"அண்ணே, இது பண்ணையில வளந்ததே இல்ல. இங்கயே பொறந்தது. நம்ம விட்ட ஆமைங்க முட்டை போட்டுப் பொரிச்சிடுச்சுங்க!"

டிரைவர் அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

பொழுது சாய்வதற்குள் எண் இல்லாதவை இன்னும் பல அகப்பட்டன. எண் உள்ளவற்றில் அவள் எழுத்து பளிச்சென்றே இருந்தது.

"இனிமே பண்ணையில பொரிக்க வைக்க வேண்டாம். இதுங்களுக்கு மேய இடம்தான் பத்தாது. வேலியை அடிவாரம் வரைக்கும் தள்ளணும்" என்றார் டாக்டரம்மா.

"அதுங்க வம்சம் பெருகுது, என் முதுகு ஒடியுது" என்றான் தம்பி.

டிரைவர் வாய்விட்டுச் சிரித்தார். அவள் போனபின் இதுதான் முதல் சிரிப்பு. கையிலிருந்த, அவள் எண் எழுதிய ஆமையைப் புல்லில் இறக்கிவிட்டு, "ரொம்ப நன்றி தாயே" என்றார்.