பூஜையில் வைத்த கிடார்

என் சித்தப்பா பாடகர். கிடாரை மாட்டிக்கொண்டு எங்கள் பக்கத்து வயல்காட்டுப் பாட்டுகளை ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறவர். இந்த வாரம் கொச்சி, அடுத்த வாரம் புனே என்று போனில் படங்கள் வந்துகொண்டே இருக்கும். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். மனதார வாழ்த்துகிறேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அவ்வளவு பெரிய பொய் எனக்கு வராது. பத்து வயதில் பற்றிக்கொண்ட எரிச்சல் இது. அந்த வயதில் அவருடைய கச்சேரி ஒன்றையே நிறுத்தப் பார்த்தவள் நான்.

மானாம்பதியில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். அப்பா பயிர் வைத்தார். சித்தப்பா ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் இரண்டு வருடம் வேலை பார்த்தார், ஒருநாள் வேலையை விட்டுவிட்டுக் கிடாரோடு வந்து இறங்கினார். அதற்கு முன்பு ஏரிக்கரை முழுக்க என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றிய மனிதர். கிடார் வந்த பிறகு அந்தத் தோளில் அது ஏறிக்கொண்டது. வெளியூரில் பாடிவிட்டு ரயிலில் திரும்பும்போது தன் பெர்த்தில் கிடாரைப் படுக்க வைத்துவிட்டு இவர் கதவோரம் உட்கார்ந்து வருவாராம். இதைப் பெருமையாக வேறு சொல்வார். நான் பக்கத்தில் போனால் மட்டும், "தொடாத பாப்பா, சுதி கலைஞ்சிடும்" என்பார். ஒரு மரப்பெட்டிக்கு இருந்த மரியாதை எனக்கு இல்லை.

அப்பாவுக்கும் அந்தக் கிடாரைக் கண்டால் ஆகாது. சித்தப்பா அதை எடுத்து மடியில் வைத்ததும் அப்பாவுக்கு மோட்டார் போடும் ஞாபகம் வந்துவிடும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் கிளம்பிவிடுவார்.

ஆயுத பூஜை எங்கள் வீட்டில் பொங்கலுக்குச் சமம். கூடத்தில் வாழை இலை விரித்து மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள்கள், மருந்தடிக்கிற ஸ்பிரேயர், ஸ்பானர் எல்லாவற்றையும் கழுவி வைத்துப் பொட்டு வைப்போம். அம்மாவின் அரிவாள்மனையும் என் ஜாமெட்ரி பாக்ஸும்கூட அதில் இருக்கும். வைத்ததை மறுநாள் காலை வரை தொடக்கூடாது. தொட்டால் தொழில் போய்விடும் என்பார் அம்மா. அன்றைக்குக் காய் நறுக்க எதிர் வீட்டிலிருந்து கத்தி வாங்கி வருவார், எதிர் வீட்டுக்காரர்கள் எதை வைத்து நறுக்கினார்களோ தெரியாது.

எனக்கு ஒன்பது வயதான வருடம் சித்தப்பா தானாகவே கிடாரைக் கொண்டுவந்து இலை ஓரத்தில் வைத்தார். அப்பா பார்த்தார். "தொழில் சாமான் நடுவுல வெளாட்டுச் சாமான் இன்னாத்துக்கு?" என்று கேட்டுவிட்டு அதை எடுத்து வெளியே சுவரில் சாய்த்து வைத்தார். சித்தப்பா கிடாரை எடுத்துக்கொண்டு சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம் என்று அம்மா அந்த வருடம் முழுக்கப் புலம்பினார்.

மறு வருடம் ஆயுத பூஜை அன்று சாயங்காலம் உத்திரமேரூரில் ஓர் அம்மன் கோவில் நவராத்திரி மேடையில் சித்தப்பாவின் கச்சேரி. எத்தனையோ ஊர்களில் பாடியவருக்குச் சொந்த மண்ணில் அதுதான் முதல் மேடை. அதில் ஏற்றப் பாட்டு ஒன்று. தாத்தா ஏற்றம் இறைத்த காலத்துப் பாட்டு அது. ஒவ்வொரு சால் தண்ணீருக்கும் ஓர் அடி, அடிக்கு ஓர் எண், எண்ணிக்கை பிசகக்கூடாது. ஒருவர் முன்னால் பாட இன்னொருவர் பின்னால் வாங்கிப் பாட வேண்டும். வாங்கிப் பாடப் போவது நான்தான் என்று சித்தப்பா சொல்லியிருந்தார். ஒரு மாதமாக வீட்டு எருமைகள் எதிரில் நின்று பயிற்சி எடுத்தேன்.

பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் சென்னையிலிருந்து அத்தை மகள் வந்து இறங்கினாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள், பாட்டு கிளாஸ் போகிறவள். ஒரே ஒரு தடவை பாடிக் காட்டினாள்.

"பாப்பா, இந்த தபா அவ பாடட்டும். உனுக்கு அடுத்த தபா" என்றார் சித்தப்பா, பொரி வாங்கித் தருகிறேன் என்பது போல.

எனக்கு உடம்பெல்லாம் திகுதிகுவென்று எரிந்தது. அவள் பாடியது நன்றாக இருந்தது, அதுதான் இன்னும் எரிந்தது. சாப்பாடு இறங்கவில்லை. அவளுடைய ரிப்பனைக் கழுநீர்த் தொட்டியில் போட்டேன், அப்போதும் ஆறவில்லை. நான் பாடாத மேடையில் யாருமே பாடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

பூஜையன்று காலையில்தான் அதற்கு வழி தோன்றியது. கிடாரைப் பூஜையில் வைத்துவிட்டால் மறுநாள் வரைக்கும் அதை யாரும் எடுக்க முடியாது. அப்பா பார்த்துவிட்டால் போன வருடம் போலச் சண்டை, சித்தப்பா கோபித்துக்கொண்டு ஊரைவிட்டே போவார். எது நடந்தாலும் எனக்கு லாபம். பத்து வயதில் இவ்வளவு கணக்குப் போட்டிருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் ஏன் கணக்கு வரவில்லை என்று தெரியவில்லை.

அம்மா அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தார். சித்தப்பா மோட்டார் கொட்டகையில் குளிக்கப் போயிருந்தார். அப்பா வாசலில் டிராக்டருக்கு வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார். அறைக்குள் போய் உறையிலிருந்து கிடாரை உருவி, தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து மண்வெட்டிக்கும் ஸ்பிரேயருக்கும் நடுவே கிடத்திவிட்டு, வைக்கோல் போருக்குப் பின்னால் ஓடி ஒளிந்தேன்.

"எங்கடி பூட்ட? கற்பூரம் ஏத்தப் போறாங்க, வா!" என்று அம்மா கூப்பிட்ட பிறகுதான் உள்ளே போனேன். கிடார் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. அதன் மேல் சந்தனமும் குங்குமமும் பளிச்சென்று இருந்தன. நான் பொட்டு வைக்கவில்லை. அம்மா வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா கற்பூரத் தட்டை ஒவ்வொரு சாமானுக்கும் காட்டிக்கொண்டே வந்தார். கிடாருக்கும் காட்டினார். ஈரத் தலையோடு வாசற்படியில் வந்து நின்ற சித்தப்பா அதைப் பார்த்துவிட்டார். தலை துவட்டிய துண்டு கையிலேயே நின்றது.

"ண்ணா..." என்றார்.

"மூஞ்ச இன்னாடா பாத்துக்கினு கீற? கற்பூரத்தத் தொட்டுக் கும்புடு" என்றார் அப்பா.

சித்தப்பா கும்பிடும்போது தேம்பி அழுதார். சண்டைக்குக் காத்திருந்த எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெரியவர்கள் இவ்வளவு சின்ன விஷயத்துக்கு அழுவார்களா என்றிருந்தது.

அத்தை மகள்தான் கேட்டாள், "மாமா, சாயங்காலம் கிடாருக்கு இன்னா பண்ணுவ?"

"பூஜைல வெச்சாச்சும்மா. நாளைக்கித்தான் எடுக்கணும்."

"பரவால்ல, எடுத்துக்கினு போ. சாமி ஒண்ணியும் சொல்லாது" என்றார் அப்பா.

"வேணாம்ணா. அது அங்கயே இருக்கட்டும்."

கச்சேரி நின்றது என்று நான் உள்ளுக்குள் குதித்தேன். ஆனால் சாயங்காலம் சித்தப்பா வெறும் கையோடு மேடை ஏறிவிட்டார். முதல் வரிசையில் பொரிப் பொட்டலத்தோடு உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஏற்றப் பாட்டு வந்தது. அத்தை மகள் மைக் முன்னால் நின்று அழகாக வாங்கிப் பாடினாள். கிடார் இல்லாத தடுமாற்றமோ என்னவோ, நடுவில் சித்தப்பா முப்பத்தாறாவது சால் தண்ணீரை இரண்டு முறை இறைத்துவிட்டார்.

"முப்பத்தாறு ஆயிப்போச்சுடா! முப்பத்தேளு!"

கூட்டத்தின் பின்னாலிருந்து வந்த குரல் அப்பாவுடையது. எண்ணிக்கை பிசகியதை அவரால் தாங்க முடியவில்லை. கூட்டம் கொல்லென்று சிரித்தது. சித்தப்பா கீழே குதித்து ஓடி, அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து மேடையில் ஏற்றினார். முப்பத்தேழிலிருந்து அப்பா பாடினார். அப்பாவுக்குப் பாட வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சித்தப்பாவைவிடப் பெரிய குரல். கோவில் வாசல் வரை ஆட்கள் எழுந்து நின்றார்கள். அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நூறு வரை பாடினார்கள், அத்தை மகளுக்கு இனி வேலை இல்லை. அவள் மேடையிலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் உம்மென்று உட்கார்ந்தாள். பொரிப் பொட்டலத்தை அவள் பக்கம் தள்ளினேன். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதம்.

சித்தப்பா இன்றைக்கும் எல்லா மேடையிலும் இந்தக் கதையைச் சொல்கிறார். "எங்க அண்ணன் அன்னிக்கி என் கிடாரத் தூக்கியாந்து மண்வெட்டி பக்கத்துல வெச்சாரு. அன்னிக்கித்தான் இது தொழிலாச்சு" என்பார். கைதட்டல் அள்ளும். தூக்கி வந்தவள் நான், பேர் அப்பாவுக்கு. போன மாதம் அப்பா அந்த வீடியோவைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தபோது என்னால் அடக்க முடியவில்லை.

"அத நான்தான்பா வெச்சேன். கச்சேரி நிக்கணும்னு வெச்சேன்."

"தெரியும்" என்றார். "டிராக்டர் மேலேர்ந்து பாத்துக்கினுதான் இருந்தேன்."

"அப்புறம் ஏன் எடுக்கல?"

"மொத வருசம் எடுத்ததே உறுத்திக்கினு இருந்துச்சி. நானே கொண்டாந்து வெக்க ரோசம் வுடல. நீ வெச்ச, நான் பொட்டு வெச்சேன்."

"மொத வருசம் மட்டும் இன்னாத்துக்கு எடுத்தியாம்?"

அப்பா போனை அணைத்துப் பக்கத்தில் வைத்தார். "வயித்தெரிச்சல்தான், வேற இன்னா? ரெண்டு பேரும் ஒண்ணா பாடினவங்க. அவன் கிடாரத் தூக்கினு பூட்டான். நான் மண்வெட்டியத் தூக்கினேன்."

சித்தப்பா கிடாரை எடுத்ததும் அப்பா மோட்டார் போடப் போவார் என்று சொன்னேன் இல்லையா? பல நாள் அந்த நேரத்தில் கரண்ட்டே இருக்காது. அது எனக்கும் தெரியும், இருட்டில்தானே நாங்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்போம். எங்கே போகிறார் என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை. அந்த வீட்டில் பொறாமைப்படுகிறவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.