கொசுவலைக்குள் காய்ந்த வடகம்

ஜவ்வரிசிக் கூழ் கொதித்து அடங்கும்போது பச்சை மிளகாயும் பெருங்காயமும் எலுமிச்சைச் சாறும் சேர்ந்து ஒரு வாசனை வரும்; மூக்கில் ஏறி, நாக்கில் இறங்கி, நேரே போய்ப் புத்தியைக் கெடுக்கிற வாசனை. பதினோரு வயதில் எனக்குக் கெடுவதற்கென்று பெரிய புத்தி ஒன்றும் இல்லை என்றாலும், இருந்த கொஞ்சமும் தொண்ணூறுகளின் ஒரு பங்குனியில், கல்கத்தாவில், கார்டன் ரீச் பக்கம் நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸின் மொட்டை மாடியில் வைத்துத்தான் போயிற்று.

எங்கள் வீட்டில் எதையும் கடையில் வாங்குவது கௌரவக் குறைச்சல். பல்பொடியை அப்பாவே இடிப்பார். உடைந்த குடைக்கம்பியில் சட்டை மாட்டும் கொக்கி செய்வார். வேப்பெண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்துக் "கொசுத் தைலம்" என்று ஒன்று காய்ச்சி, அதைப் பூசிக்கொண்டு அவர் மட்டும் வலையில்லாமல் முன்னறையில் படுப்பார். கொசு என்ன, நாங்களே அந்தப் பக்கம் போகமாட்டோம். "கை இருக்கிறவன் கடைக்குப் போவானா?" என்பது அவர் தினமும் சொல்கிற வேதம். அம்மாவின் இலாகா ஊறுகாய், சாம்பார்ப்பொடி, வடகம். இந்த இரண்டு பேருக்கும் பிறந்த எனக்குக் கை இருந்தது, ஆசை இருந்தது, மற்ற எதுவும் இல்லை. நான் செய்த பட்டம் தரையைப் பெருக்கியது. நான் ஆணி அடித்துச் சரிசெய்த ஸ்டூலில் ஒரே ஒருவர்தான் உட்கார்ந்தார், ஒரே ஒரு தடவைதான்.

அந்த ஊரில் வடகத்துக்குப் பங்குனி வெயிலை விட்டால் வேறு கதியில்லை. சித்திரை பிறந்துவிட்டால் சாயங்காலமானதும் "கால்போய்ஷாக்கி" என்கிற புயல் வந்து மொட்டை மாடியையே துடைத்துக்கொண்டு போய்விடும். பங்குனியில் புயல் கிடையாது, காக்காய் உண்டு. அம்மா வேட்டியை விரித்துக் கூழை வட்டவட்டமாக ஊற்றிவிட்டு நிமிர்வதற்குள் பந்தி நிரம்பிவிடும். அடுத்த வீட்டு மாஷிமா மட்டும் கவலையில்லாமல் இருந்தார். அரைத்த பருப்பைக் கிள்ளிக் கிள்ளி வைத்து அவர் காயப்போடும் "போரி"யின் மேல் ஒரு பழைய கொசுவலையைப் போர்த்தி, நாலு மூலையிலும் செங்கல் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார்.

பழைய கொசுவலைக்கு நாங்கள் எங்கே போவது? மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் மாறுகிற குடும்பத்தில் பழையது என்று எதுவும் தங்காது. லாரி ஏறும்போதே கழித்துவிடுவோம். இருந்தது ஒரே வலை, பெரிய கட்டிலுக்கு. அதற்குள் இந்த ஓரம் அம்மா, நடுவில் நான், விழுந்துவிடக் கூடாதென்று சுவர் ஓரமாக ஆறு வயதுத் தங்கை கமலி. ஒரு மத்தியானம் அந்த வலையைப் பார்த்தபடி கிடந்தபோதுதான் என் பொறியியல் விழித்துக்கொண்டது. மெத்தைக்கு அடியில் செருகுகிற ஒரு முழ வலைக்கு அங்கே என்ன வேலை? சும்மாதானே கிடக்கிறது? அதிலும் சுவர்ப்பக்கத்து முழம் யார் கண்ணிலும் படாது.

"கமலி, அந்த முனையை இழுத்துப் பிடி."

"அம்மா அடிப்பாங்கண்ணா."

"அம்மாவுக்காகத்தானே செய்றோம், லூசு. இழு."

இழுத்துப் பிடித்தாள். வெட்டினேன். அந்த ஊரில் தை, மாசியில் வருகிற சரஸ்வதி பூஜையின் பந்தலில் மிச்சமாகிக் கிடந்த மூங்கில் குச்சிகளைக் கட்டி, வலையை மூடி ஒரு கூண்டு செய்தேன். என் வாழ்க்கையில் நான் செய்து உருப்பட்ட முதல் பொருள் அதுதான். காக்காய்கள் சுற்றி உட்கார்ந்து என்னைத் திட்டின. "வலை ஏதுடா?" என்றாள் அம்மா. "மாஷிமா குடுத்தாங்க" என்றேன். கட்டிலில் குட்டையாகிப்போன சுவர்ப்பக்கத்தை மெத்தை விரிப்போடு சேர்த்துத் துணிக் கிளிப்பால் கவ்வவிட்டேன். அந்தக் கிளிப்புகளில் பாதி நான் செய்தவை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

பன்னிரண்டாம் நாள் கமலிக்குக் குளிர் வந்தது. மத்தியான வெயிலில், பரணில் ஏற்றி வைத்திருந்த பஞ்சு ரஜாய்களை இறக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக மூன்றைப் போர்த்தியும் அவள் பல் அடித்துக்கொண்டது அடுத்த அறைக்குக் கேட்டது. பிறகு கொதித்தாள். பிறகு வேர்த்தாள். ஒரு நாள் விட்டு மறுபடி அதே. டாக்டர் விரலில் குத்தி எடுத்த ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துக்கொண்டே, மலேரியாவாகத்தான் இருக்கும், ஆனால் தலைக்கு ஏறுகிற வகையா, சும்மா ஆட்டிவிட்டுப் போகிற வகையா என்பது நாளைக்குத்தான் தெரியும் என்றார். போன மாதம் எங்கள் வரிசையிலேயே ஒருவருக்குத் தலைக்கு ஏறி, அவர் திரும்பி வரவில்லை.

அன்று நான் சாமியிடம் வேண்டியதை எழுதவே கூசுகிறது. கமலி பிழைக்க வேண்டும். பிழைத்து, எதுவும் பேசாமல் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டேன். ஒன்றுதான் கிடைக்குமென்றால் எது என்று சாமி கேட்டுவிடுவாரோ என்று பயந்து பாதியிலேயே எழுந்து ஓடினேன்.

ஓடியது மொட்டை மாடிக்கு. எடுக்க மறந்து கிடந்த கடைசி ஈட்டு வடகத்தின் மேலிருந்து கூண்டைப் பிய்த்தேன். கமலியை முன்னறைக் கட்டிலுக்கு மாற்றியிருந்ததால், காலியாக இருந்த பெரிய கட்டிலில் ஏறி, வெட்டிய முழத்தை மறுபடி வலையோடு வைத்துத் தைத்தேன். வலை வெளிர் நீலம். கையில் கிடைத்த நூல் கறுப்பு. தைத்து முடித்து எழுந்தபோது வலையும் கூடவே வந்தது. என் கால்சட்டையையும் சேர்த்துத் தைத்திருந்தேன். சிரிப்பு வரவில்லை. அறுத்துவிட்டு மறுபடி தைத்தேன்.

சாயங்காலம் மாஷிமா இளநீர் கொண்டுவந்தார். அம்மா அந்தக் கவலையிலும் மரியாதையை விடாமல், தனக்குத் தெரிந்த அரைகுறைப் பெங்காலியில் வலைக்கு நன்றி சொன்னாள். "எந்த வலை? நான் ஒண்ணும் தரலையே" என்றார் மாஷிமா. அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அடிக்கவில்லை. இளநீரை டம்ளரில் ஊற்றினாள்.

அப்பாதான் கண்டுபிடித்தார். கமலிக்கு வலை கட்டலாமென்று அதைக் கழற்றிக்கொண்டு வந்தவர், பூரான் ஊர்கிற மாதிரி ஓடிய கறுப்புத் தையலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யார் வெட்டினது இதை?"

கதவுக்குப் பின்னால் நின்ற நான் இன்னும் கொஞ்சம் ஒதுங்கினேன். கண்ணை மூடிக் கிடந்த கமலி முனகினாள்: "இழுக்கிறேண்ணா... இழுக்கிறேன்..."

"என்ன இழுக்கிறா?"

"போர்வைய இழுத்துவிடச் சொல்றா" என்றாள் அம்மா. "வலைய நான்தான் வெட்டினேன். வடகத்துக்கு."

"இந்தத் தையல்? இதுவும் நீயா?" அப்பாவுக்கு அம்மாவின் தையல் தெரியும்.

"புள்ள இப்படிக் கிடக்கும்போது கை நடுங்காதா?"

"வடகத்துக்காகப் பெத்த பொண்ணைக் கொசுவுக்குத் தின்னக் குடுத்திருக்கியே, நீயெல்லாம் ஒரு..." என்று ஆரம்பித்த அப்பா முடிக்கவில்லை. அம்மா தலையைக் குனிந்துகொண்டு கமலியின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு எட்டு எடுத்து வைத்து "நான்தான்" என்று சொல்ல எனக்கு அவகாசம் நிறையவே இருந்தது. மாடியில் காக்காய்கள் வடகத்தைத் தின்னுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

மறுநாள், சும்மா ஆட்டிவிட்டுப் போகிற வகை என்று தெரிந்தது. கசப்பு மாத்திரைகளைத் துப்பித் துப்பி விழுங்கி, கமலி தேறினாள். அன்றைய கோபம் அப்பாவுக்கு நாளடைவில் நகைச்சுவை ஆகிவிட்டது. "எங்க வீட்டம்மாவுக்கு வடகம்தான் மூத்த பிள்ளை, அதுக்குக் கொசுவலை கட்டுவா" என்று வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்வார். அம்மா அசடு வழியச் சிரிப்பாள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்.

இப்போது சென்னையில் ஜன்னலுக்கெல்லாம் கம்பிவலை அடித்த அடுக்குமாடியில் இருக்கிறேன். மொட்டை மாடிக்குப் பூட்டு, வடகம் பாக்கெட்டில் வருகிறது. அந்தக் குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்களாம். மாஷிமா எங்கே போனார் என்று தெரியாது. அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. கடைசி வரைக்கும் அந்தக் கதையை அப்படியேதான் சொன்னார். கமலியிடம் கேட்டுப் பார்த்தேன். அவளுக்கு மாத்திரையின் கசப்பு மட்டும்தான் ஞாபகம், "அம்மாதானே வெட்டினாங்க?" என்கிறாள்.

போன மாதம் பேரன் பேத்திகளிடம் அம்மா அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கத்தரி மழுங்கலாக இருந்ததாம், கை வலித்ததாம். அது என் கை, என் வலி. எனக்குத் தாங்கவில்லை. குழந்தைகள் போனதும் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, அந்த வலையை வெட்டினது நான்தான்" என்றேன். நாற்பத்தைந்து வயதில்.

அம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். "எதைச் சொன்னாலும் அதுல ஒரு வேடிக்கை பண்ணிடுவேடா நீ" என்றாள்.