நாரை வாடை

காலையில் குழாயைத் திறந்ததும் தண்ணீரில் பாசி வாடை அடித்தது. குழாய்க்குத் தண்ணீர் வரும் ஏரி வற்றுகிறதாம். புகார் சொல்ல மகள் போனை எடுத்துவிட்டாள். எனக்கோ எங்கள் ஊர் வேடந்தாங்கல் நினைவுக்கு வந்துவிட்டது.

ஐம்பதுகளில், என் சின்ன வயதில், எங்கள் வீட்டுக் காப்பிக்கும் ஏரித் தண்ணீர்தான். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி, மரமெல்லாம் நாரைகள் வந்து உட்கார்ந்துவிட்டால் தண்ணீரில் எச்சத்தின் வாடை ஏறிவிடும். அம்மா தேத்தாங்கொட்டையை இழைத்துத் தெளியவைத்து, துணியில் வடிகட்டிக் காய்ச்சுவாள். வாடை மட்டும் போகவே போகாது.

சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்த சித்தி ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னாக்கா, காப்பியில மீனு போட்டியா?" என்றாள்.

"மீன நாரை துன்னுச்சு. நாரை போட்டத நீ குடிக்கிற" என்று அம்மா சிரித்தாள். அந்தத் தண்ணீர் பாய்ந்தால் வயலுக்குத் தனியாக எரு வேண்டாம் என்பதில் அவளுக்கு அத்தனை பெருமை.

மழை பொய்த்த வருஷம் ஒரு பறவையும் வரவில்லை. வறண்ட ஏரிக்குள் ஊற்றுத் தோண்டி அப்பா ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தார்.

"பாரு, கண்ணாடியாட்டம் கீது!"

அம்மா ஒரு டம்ளர் மொண்டு மோந்து பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது.

"நாரை வாடையே இல்லியே" என்றாள்.

மகள் இன்னும் போனில் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறாள். நான் டம்ளரை மூக்கருகே கொண்டுபோகிறேன். பாசி இருக்கிறது, குளோரின் இருக்கிறது. நாரை இல்லை.