ஜெர்மனியிலிருந்து மலிவாக ஒரு சம்பந்தம்

லாசால் பேட்டையில் ஒரு தெப்பனர். பாலும் சிகரெட்டும் லாட்டரிச் சீட்டும் விற்கிற மூலைக்கடை. குளிருக்குப் பயந்து காபி குடிக்க நுழைகிறேன். கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். டெலிபோனை விட்டு அசைய மறுக்கிறார். கல்லாவில் அவர் மகள்.

"ஜேர்மனியில இருந்து அண்ணை எடுப்பார், தம்பி. இவளுக்கு அங்க ஒரு மாப்பிள்ளை பேசுறம்."

ஜெர்மனியில் இந்த வருடம், 1998-இல், டெலிபோன் தொழிலை எல்லோருக்கும் திறந்துவிட்டார்களாம். முளைத்த கம்பெனிகளெல்லாம் போட்டி போட்டுக் கட்டணத்தை இறக்குகின்றன. ஒவ்வொரு அழைப்புக்கும் வேறு கம்பெனியைத் தேர்ந்துகொள்ளலாமாம். எஸ்டிடி பூத்தில் மீட்டரை முறைத்துக்கொண்டே பேசிப் பழகிய எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

மணி அடிக்கிறது.

"ஓம் அண்ணை, இண்டைக்கு எந்தக் கொம்பனி? நேற்றையானை விட மலிவோ? குரல் கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரிக் கிடக்கு. முந்தநாளையான் திறம்..."

என் காபி தீர்ந்து வெகுநேரம் கழித்துத்தான் டெலிபோனை வைக்கிறார்.

"மாப்பிள்ளை வீட்ல என்ன சொன்னாங்களாம்?" என்கிறேன்.

"அது கதைக்க நேரம் வரேல்லை. அடுத்த மாதம் இன்னும் மலிவான கொம்பனி வருதாம். அப்ப ஆறுதலாக் கதைப்பம் எண்டவர்." கொஞ்சம் யோசிக்கிறார். "விலை கூடின காலத்தில மூத்தவளின்ர கலியாணத்தை ஒரே டெலிபோன் கோலில முடிச்சனாங்கள்."

மகள் என் மீதிச் சில்லறையை எண்ணாமலே நீட்டுகிறாள்.

"பெரியப்பாவை ஆறுதலாவே கதைக்கச் சொல்லுங்கோ, அப்பா. நான் இஞ்ச பக்கத்தில, லவாலில ஒருத்தரைப் பார்த்திட்டன். லோக்கல் கோல். எவ்வளவு கதைச்சாலும் காசில்லை."